ரொறன்ரோவில் முதல் குளிர்காலம்: யன்னலோரக் கீரை, பொங்காத தோசை மா, ஹைட்ரோ பில்

ஸ்காபரோவில் அடுக்குமாடி வீடோ நிலக்கீழ் வீடோ எடுத்திருப்பீர்கள். டிசம்பரில் கீரைக்கட்டின் விலையைப் பார்த்துத் திரும்ப வைத்துவிட்டு வருவீர்கள். வீட்டில் கரைத்து வைத்த மா இரண்டு நாளாகியும் அசையாமல் கிடக்கும். இரண்டுக்கும் வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. வீட்டுச் சூடு, யன்னல் வெளிச்சம், பால்கனிக் குளிர் மூன்றுக்கும் வாடகையாகவோ பில்லாகவோ ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது. அவற்றிடம் வேலை வாங்கத் தெரிய வேண்டும். ஒக்டோபரில் தொடங்கி மே வரைக்குமான ஒழுங்கில் எழுதியிருக்கிறேன்.

1. மண்வெட்டிக்கு முன் வாடகை ஒப்பந்தம்

ஒன்ராறியோவின் பொது வாடகை ஒப்பந்தப் படிவத்தில் 6ஆம் பிரிவைப் பாருங்கள். மின்சாரம், வெப்பம், தண்ணீர் எது வாடகைக்குள், எது உங்கள் தலையில் என்று அங்கேதான் குறித்திருப்பார்கள். "எல்லாம் உள்ளடக்கம்" என்று வீட்டுக்கார அண்ணை வாயால் சொன்னது ஜனவரியில் உதவாது. ஒரு குறுஞ்செய்தியிலாவது கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாகக் கேட்க வேண்டியது, வெப்பம் எதிலிருந்து வருகிறது என்பது. சுவரோரம் நீளமாகக் கிடக்கும் மின்சார ஹீற்றர் என்றால், மின்சாரமும் உங்கள் கணக்கு என்றால், நிலைமை வேறு. 1500 வாற் ஹீற்றர் ஒன்று நாளுக்கு எட்டு மணிநேரம் ஓடினால் 12 யூனிற் (பில்லில் kWh என்றிருக்கும்), மாதம் 360. இந்தக் கட்டுரையில் வரும் மற்றச் செலவெல்லாம் சேர்ந்தாலும் அதன் காலடிக்கு வராது. அப்படிப்பட்ட வீட்டில் முதல் வேலை யன்னல் இடுக்குகளை அடைப்பது, கீரை பிறகு.

வெப்பம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றால், குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை வைத்திருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரசபை விதி. குறைந்தால் தெர்மாமீற்றரைப் படம் எடுங்கள், திகதியும் நேரமும் குறியுங்கள், முதலில் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழையுங்கள். அடுப்பையோ ஓவனையோ திறந்து வைத்து வீட்டைச் சூடாக்காதீர்கள். காஸ் அடுப்பு என்றால் அது உயிராபத்து.

ஹைட்ரோ பில் (மின்சார பில்லை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) உங்கள் பெயரில் வந்து, குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், ஒன்ராறியோ மின்சார உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தேவையானவை: மின்கணக்கு இலக்கம் (பில்லில் இருக்கும்), வீட்டிலுள்ளவர்களின் பெயர், பிறந்த திகதி, வயது வந்தவர்களின் சமூகக் காப்புறுதி இலக்கம். உதவித் தொகையை மாதாமாதம் பில்லிலேயே கழித்துவிடுவார்கள். பலர் சறுக்கும் இடம், கணக்கு வேறொருவர் பெயரில் இருப்பது. கணக்கு யார் பெயரிலோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும். வீடு மாறினால் புதுக் கணக்குக்குத் திரும்பவும் பார்க்க வேண்டும்.

பால்கனியில் என்ன வைக்கலாம் என்றும் ஒப்பந்தத்திலோ கட்டட விதிகளிலோ பாருங்கள். கம்பிக்கு வெளியே தொட்டி தொங்கவிடப் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

2. மண்ணும் விளக்கும் ஒக்டோபருக்குள்

ஜனவரியில் ஆசை வந்து கடைக்குப் போனால் மண் இருக்காது. பெரிய கடைகள் தோட்டச் சாமான்களை இலையுதிர் காலத்தோடு ஒதுக்கிவிடும். அப்போதுதான் மலிவாகவும் கிடைக்கும். வாங்க வேண்டியது தொட்டிக்கான கலவை மண். தோட்டத்து மண் பையை வாங்கினால் தட்டில் களிபோல இறுகும், சிறு பூச்சியும் கூடவே வரும்.

தேவையானவை இவ்வளவுதான்: கலவை மண் ஒரு பை, 25க்கு 50 சென்ரிமீற்றர் அளவில் அடியில் ஓட்டையுள்ள தட்டு மூன்று, கீழே தண்ணீர் பிடிக்க ஓட்டையில்லாத தட்டு ஒன்று, நான்கடி எல்ஈடி விளக்கு, ஒரு ரைமர். "செடி வளர்க்கும் விளக்கு" என்று ஊதாவாக எரிவதற்கு இரட்டை விலை கொடுக்க வேண்டாம். கராஜில் போடும் சாதாரண வெள்ளை விளக்கு, 4000 முதல் 5000 கெல்வின், 40 வாற் போதும். எல்லாமாக அறுபது எழுபது டொலருக்குள் அடக்கலாம். தட்டுக்குப் பதில் இறைச்சி வாங்கும் ஆழமான பிளாஸ்ரிக் பெட்டியைக் கழுவி ஓட்டை போட்டால் இன்னும் குறையும்.

விளக்கு தேவையா என்றால், தேவை. டிசம்பர் 21ஆம் திகதி இங்கே பகல் ஒன்பது மணிநேரம்கூட முழுதாக இல்லை. அதிலும் பாதி நாள் மேகம். தெற்கு யன்னலில்கூட நாற்று வெளிச்சத்தைத் தேடி நூல்போல நீண்டு விழுந்துவிடும். நிலக்கீழ் வீட்டில் கேட்கவே வேண்டாம். 40 வாற் விளக்கு 14 மணிநேரம் எரிந்தால் நாளுக்கு அரை யூனிற்றுக்குச் சற்றுக் கூட, மாதம் 17. இரண்டு மூன்று டொலர் வேலை.

விளக்கை நாற்றின் தலைக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் தொங்கவிடுங்கள். கூரையில் மாட்டிவிட்டு "விளக்குப் போட்டேன், வளரவில்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் முறைப்பாடு.

3. முதல் பயிர் வெந்தயக்கீரை

கொத்தமல்லியில் தொடங்காதீர்கள். முளைக்கவே பத்து நாள், வெட்ட ஏழு வாரம். கடையில் கட்டு மலிவு. வெந்தயம் அப்படி இல்லை. விதையாக உங்கள் சமையலறைப் போத்தலில் இருப்பதே போதும், பழசாக இல்லாவிட்டால் சரி.

மூன்று மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவு ஊறவிடுங்கள். தட்டில் ஐந்து சென்ரிமீற்றர் மண் போட்டு, முதலில் மண்ணை நனைத்துவிட்டு விதையைப் பரப்புங்கள். விதைமேல் விதை ஏறக்கூடாது. மேலே விரல் நக அளவு மண் தூவி, ஈரத்துணியால் மூடி, ரேடியேற்றருக்குப் பக்கத்தில் (மேலே அல்ல) வையுங்கள். மூன்றாம் நாள் துணியைத் தூக்கிப் பார்த்தால் மண் சின்னச் சின்ன மேடாக வெடித்து, வளைந்த கழுத்துகள் தெரியும். அன்றைக்கே துணியை எடுத்து விளக்கின்கீழ் வைத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிறி நீண்டுவிடும், பிறகு நிமிராது.

தண்ணீரைக் கீழ்த்தட்டில் ஊற்றி இருபது நிமிடம் குடிக்கவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மேலால் ஊற்றிக்கொண்டே இருந்தால் மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பி வீடெல்லாம் பறக்கும். மேல் மண் எப்போதும் ஈரமாக இருந்தால்தான் அவை பெருகும். மண்ணைக் காயவிடுங்கள், பூச்சி பிடிக்கும் மஞ்சள் ஒட்டுத்தாள் வையுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும்.

பன்னிரண்டு பதினான்கு நாளில் ஒரு சாண் வளராது, விரல் நீளம்தான் வரும். அப்போதே கத்தரியால் வெட்டுங்கள். ஒரு தட்டு ஒரு வேளை பருப்புக்கறிக்குக் காணும். வாரத்துக்கு ஒரு தட்டாக மூன்றையும் மாற்றி மாற்றி விதைத்தால் கீரை அறாது. வெட்டிய அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும் என்று காத்திருப்பது இந்த வெளிச்சத்தில் வீண். வேர்ப்பாயை உடைத்துக் காயவிட்டு, அந்த மண்ணையே புது மண் கொஞ்சம் சேர்த்து இன்னும் ஒரு தடவை பாவிக்கலாம்.

வெங்காயத்தாளின் வேர்ப்பக்கத்தைத் தண்ணீரில் வைத்தால் இரண்டு தடவை வெட்டலாம், மூன்றாவதில் சுவை இருக்காது. பயறு முளைகட்டுவது எல்லாவற்றிலும் மலிவு. ஆனால் முளையைப் பச்சையாகச் சாப்பிடாமல் வறையாக்குங்கள். முளைவிடும் ஈரச்சூடு கிருமிக்கும் பிடித்தமானது.

4. கறிவேப்பிலைச் செடி: சாகவில்லை, தூங்குகிறது

தொட்டியில் கறிவேப்பிலை இருந்தால், இரவு 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கும் செப்ரெம்பரிலேயே உள்ளே எடுங்கள். எடுக்கும் முன் குளியலறையில் வைத்து இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். வெளியிலிருந்து வரும் செதில் பூச்சியும் சிலந்திப் பேனும் ஹீற்றர் உலர்த்திய காற்றில் பத்து மடங்காகும்.

நவம்பரில் இலை மஞ்சளித்துக் கொட்டும். இங்கேதான் பலர் செடியைக் கொன்றுவிடுகிறார்கள். இலை கொட்டுகிறதே என்று பயந்து தண்ணீரும் உரமும் ஊற்றி வேரை அழுகவிடுவது. செடி வாடவில்லை, வெளிச்சம் குறைந்ததால் ஓய்வெடுக்கிறது. நகத்தால் தண்டின் பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்த தடிபோல இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது, இன்னும் கீழே சுரண்டுங்கள்.

மேல் மண் மூன்று சென்ரிமீற்றர் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர். உரம் வேண்டாம், தொட்டி மாற்ற வேண்டாம். யன்னல் கண்ணாடியில் இலை ஒட்டக்கூடாது, ஒட்டிய இலை ஒரே இரவில் கருகும். மார்ச் கடைசியில் நுனியில் செம்பச்சைத் துளிர் வந்த பிறகு உரம் தொடங்கலாம்.

ஊரிலிருந்து செடி கொண்டுவர நினைப்பவர்களுக்கு: மண்ணோடு எதுவும் கனடாவுக்குள் வரக்கூடாது. செடிக்குத் தாவர நலச் சான்றிதழும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். பெட்டிக்குள் ஒளித்து வந்து பிடிபட்டால் செடியும் போகும், தண்டமும் கட்ட வேண்டிவரும். இங்கேயே தமிழ்க் கடைகளில் கோடையில் கன்று விற்பார்கள். அதுவரைக்கும் கடைக் கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் முற்றாகப் போகத் துணியில் உலர்த்தி, போத்தலில் போட்டு உறைய வையுங்கள். எண்ணெயில் நேரே போடலாம். இளக விட்டால் கறுத்துவிடும்.

5. தோசை மா பொங்க வேண்டுமென்றால்

கைராசி என்றெல்லாம் இல்லை, எல்லாம் வெப்பநிலைதான். 21 பாகை வீட்டில் மா பொங்க ஒரு நாள் முழுக்க எடுக்கும், சிலவேளை அதற்கும் மேலே. 30 பாகையில் எட்டு முதல் பத்து மணிநேரத்தில் முடிந்துவிடும். ஆகவே 30 பாகை உள்ள ஒரு மூலையைத் தேடுவதுதான் வேலை.

உழுந்து ஒரு கப், பச்சையரிசி ஒரு கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. ஐந்து ஆறு மணிநேரம் ஊறவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு அரையுங்கள். கோடையில் பிளெண்டர் சூடேறாமல் பார்ப்போம், இங்கே குளிர்காலத்தில் அந்தச் சூடு உதவி. அவித்த கோதுமை மா சேர்ப்பவர்கள் அரை கப்பை இப்போது கலக்கலாம். உப்பைப் பொங்கிய பிறகு போடுங்கள், உப்பு புளிப்பை மெதுவாக்கும். கையால் இரண்டு நிமிடம் அடித்துக் கலக்கி, பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள்.

பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து ஓவனின் உள்விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். பழைய வகைக் குமிழ் என்றால் அதுவே உள்ளே முப்பது பாகை வரை கொண்டுபோகும். ஓவனை மூட்டவே கூடாது. இப்படி வைத்தும் பொங்கவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். குமிழ் எல்ஈடியாக இருக்கலாம், அது வெளிச்சம் தரும், சூடு தராது. விளக்கு கொஞ்ச நேரத்தில் தானாக அணையும் மொடலாக இருக்கலாம். அல்லது பாத்திரம் ஃபிரிட்ஜிலிருந்து வந்த குளிரோடு போயிருக்கலாம். முதல் இரண்டுக்கும், கொதித்த தண்ணீர் ஒரு பானையை மாவுக்குக் கீழ்த்தட்டில் வைத்து, நான்கு மணிநேரத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். இன்ஸ்ரன்ற் பொட் (மின்சாரப் பிரஷர் குக்கர்) இருந்தால் தயிர் பொத்தானில் குறைந்த சூட்டில் பத்து மணிநேரம் வையுங்கள். பூட்டும் மூடியைப் போடாதீர்கள், பொங்கிய மா அடைப்பானில் ஏறினால் சுத்தம் செய்வது பெரிய பாடு. சாதாரணத் தட்டு ஒன்றால் மூடினால் போதும்.

ஓவன் திருகின்மேல் "உள்ளே மா" என்று ஒரு கடதாசி ஒட்டுங்கள். சிரிக்க வேண்டாம். காலையில் யாராவது பீற்சாவுக்காக ஓவனை 200 பாகையில் மூட்டிய பிறகு ஒட்டுவதைவிட இப்போதே ஒட்டுவது நல்லது. ரேடியேற்றரின் மேலேயே பாத்திரத்தை வைப்பதும் பிழை. அடிமா வெந்து ஒட்டும், மேல்மா பச்சையாகவே இருக்கும். வேறு வழியில்லை என்றால் இடையில் ஒரு மரப்பலகை போடுங்கள்.

6. ஒரு பைப் பால், ஒரு சட்டித் தயிர்

இங்கே நான்கு லீற்றர் பால் 1.33 லீற்றர்ப் பைகள் மூன்றாக வரும். ஒரு பை ஒரு சட்டிக்குச் சரியான அளவு. காய்ச்சி, விரலை விட்டுப் பத்து எண்ணும்வரை தாங்கக்கூடிய சூட்டுக்கு (45 பாகை மட்டில்) ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி உறை போடுங்கள். உறைக்கு வாங்கும் தயிரின் பட்டியலில் பாலும் உயிர்க் கிருமியும் மட்டுமே இருக்க வேண்டும். ஜெலற்றின், பெக்ரின் போட்டதைத் தவிருங்கள். மா வைக்கும் அதே ஓவன் மூலையில் ஆறு முதல் எட்டு மணிநேரம். பால் 60 பாகையில் இருக்கும்போது உறை ஊற்றினால் கிருமி செத்துவிடும். "பால் சரியில்லை" என்பவர்களில் பாதிப்பேருக்கு நடந்தது இதுதான்.

7. எதை வாங்கி எங்கே வைப்பது

கடைகளின் ஃபிளையர் (மலிவு விலைத் துண்டுப்பிரசுரம்) வாரம் வியாழனில் தொடங்கிப் புதனில் முடியும். புதன் இரவு அடுத்த வாரத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விலை அட்டையில் சின்ன எழுத்தில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான், பெரிய எழுத்தை அல்ல.

குளிர்காலத்தில் மலிவானவை ஒன்ராறியோவின் கோவா, கரற், பீற்றூற், உருளைக்கிழங்கு, வெங்காயம். கத்தரிக்காயும் வெண்டிக்காயும் தூரத்திலிருந்து வருபவை, விலை அப்படித்தான் இருக்கும். கோவா வறை, கரற் சம்பல், பீற்றூற் கறி என்று சமையலை மாற்றினால் பணம் மிஞ்சும்.

உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள், இரண்டும் சீக்கிரம் கெடும். உருளைக்கிழங்கு 4 பாகைக்குக் கீழே போனால் இனிக்கும், பொரித்தால் கறுக்கும். ஆகவே பால்கனியில் வேண்டாம், வெளிவாசலுக்குப் பக்கத்து அலுமாரி நல்லது. கோவாவைக் கடதாசியில் சுற்றிக் கூலர்ப் பெட்டியில் போட்டுப் பால்கனியில் வைக்கலாம், லேசான உறைவைத் தாங்கும். பால், இறைச்சி, சமைத்த கறி எதையும் பால்கனியில் வைக்க வேண்டாம். ஜனவரியிலும் திடீரென்று இரண்டு நாள் பனி உருகும் அளவுக்கு வெயில் வரும். நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

8. சனி, ஞாயிறு அடுப்பு

நேரத்துக்கேற்ற மின்கட்டணத்தில் இருந்தால், நவம்பர் முதலாம் திகதியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை வார நாட்களில் காலை 7 முதல் 11, மாலை 5 முதல் 7 கூடிய விலை. இரவு 7 முதல் காலை 7 வரையும் சனி, ஞாயிறு முழுநாளும் குறைந்த விலை, கிட்டத்தட்டப் பாதி. நீண்ட சமையலை அங்கே தள்ளுங்கள்.

மா அவிப்பது அப்படியான வேலை. பத்துக் கிலோ கோதுமை மாவில் இரண்டு கிலோவைத் துணியில் கட்டி முக்கால் மணிநேரம் ஆவியில் வைத்து, சூட்டோடு கட்டியை உடைத்து அரித்துவிடுங்கள். ஆறினால் கல்லாகும். வாரம் முழுக்கப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் காணும். குளிர்கால மா உலர்ந்திருக்கும், ஊரில் விட்டதைவிடத் தண்ணீர் கொஞ்சம் கூடக் கேட்கும். அவிக்கும்போது காற்றிழுப்பானைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஆவி யன்னலில் வழிந்து சட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

கொண்டைக்கடலையை ரின்னில் வாங்காதீர்கள். ஒரு கப் காய்ந்த கடலை ஊறி வெந்தால் மூன்று கப். 540 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் வடித்தால் இரண்டு கப்தான். மொத்தமாக அவித்து உறைய வையுங்கள். சிவப்பு ராஜ்மாவை மட்டும் மெதுவாக வேகவைக்கும் மின்சட்டியில் நேரே போடக்கூடாது. முதலில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிலுள்ள நச்சு போகாது, வயிறு கலக்கும்.

9. மார்ச்சில் நாற்று, மே மாதம் வெளியே

கீரைத்தட்டு இருந்த இடமே நாற்று மேடை. மிளகாயும் கத்தரியும் மார்ச் நடுவில், தக்காளி ஏப்ரல் தொடக்கத்தில், பாகலும் புடலும் ஏப்ரல் கடைசியில் விதையுங்கள். மிளகாய் முளைக்க 25 பாகைக்கு மேலே வேண்டும், தட்டை ஃபிரிட்ஜின் தலையில் வைத்துப் பாருங்கள். பொதுநூலகத்தின் சில கிளைகளில் விதையும் இலவசமாக எடுக்கலாம்.

நிலம் வேண்டுமென்றால் நகரசபையின் வாடகைத் தோட்டத் துண்டுக்குக் குளிர்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம், இந்தக் கோடைக்கே கிடைக்கும் என்று நம்பி நாற்றுப் பெருக்காதீர்கள். முகவரிச் சான்றைத் தயாராக வைத்திருங்கள்.

ஏப்ரலில் ஒரு வாரம் வெயில் அடித்ததும் எல்லோரும் நாற்றை வெளியே வைப்பார்கள். உறைபனி மே முதற்பாதியிலும் வரும். விக்ரோறியா நாள் விடுமுறைவரை (மே 25க்கு முந்திய திங்கள்) பொறுங்கள். அதற்கு முந்திய பத்து நாட்களில், முதல் நாள் ஒரு மணிநேரம் நிழலில், அடுத்த நாள் இரண்டு என்று வெளிக்காற்றுக்குப் பழக்கி, இரவில் திரும்ப உள்ளே எடுங்கள். விளக்கின்கீழ் வளர்ந்த இலை நேர்வெயிலில் ஒரே மத்தியானத்தில் வெள்ளையாய் வெந்துவிடும்.